ஈசினோபில் ஏறினால் இதயத்தையும் கேளுங்கள்

"அவனுக்கு ஈசினோபிலியா இருக்கு" என்று நம் வீடுகளில் சொல்லும்போது யாரும் ஒரு ரத்த அணுவை நினைத்துச் சொல்வதில்லை. விடாத இருமல், விடியற்காலையில் வரிசையாகத் தும்மல், படுத்தால் மூச்சில் விசில் சத்தம். இதற்கெல்லாம் சேர்த்து வைத்த பேர் அது. பெங்களூரில் அந்தப் பேர் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஜனவரிக் குளிர், மெட்ரோ வேலைத் தூசு, காலி மனைகளில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் பார்த்தீனியம் என்று காரணம் சொல்லப் பஞ்சமே இல்லை. "இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல" என்பதோடு அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் பேச்சு முடிந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் செட்ரிசின் கேட்பார்கள். அது கேட்காவிட்டால் யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஐந்து நாள்.

பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையிலேயே ஒவ்வாமைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஈசினோபில் என்பது வெள்ளையணுவில் ஒரு வகை. அது அதிகம் என்பது நோயின் பெயரல்ல, ஓர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை ஓர் அளவுக்கு மேல் ஏறி, வாரக் கணக்கில் இறங்காமல் நின்றால், நுரையீரலையும் தோலையும் போல இதயத்தையும் அது தொடும். இதயம் கெடுவது முதலில் வெளியே தெரியாது. தெரியும்போது சில நேரம் மருந்து எட்டாத கட்டத்துக்கு அது போயிருக்கும். அதனால்தான் எதை முதலில் பார்ப்பது, எந்த மருந்தை எதற்கு முன்னால் கொடுப்பது என்பதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனைத் தாளில் ஈசினோபில் என்ற வரிக்கு எதிரே இருப்பது சதவீதம். 6-க்கு மேல் போனால் தடித்த எழுத்தில் அச்சாகும், வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை அந்தச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் நமக்கு வேண்டிய எண். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை ஈசினோபில் என்பது அது. லேப்களில் இதை ஏஇசி என்பார்கள்.

ஒருவருக்கு மொத்த வெள்ளையணு 3,500, ஈசினோபில் 10 சதவீதம் என்றால் ஏஇசி 350. தாளில் தடித்த எழுத்து இருந்தாலும் இது இயல்பான அளவு. இன்னொருவருக்கு 7,000, 8 சதவீதம் என்றால் 560. இது லேசான உயர்வு, ஒவ்வாமைக்காரர்களுக்குச் சாதாரணம். மூன்றாமவருக்கு 14,000, 22 சதவீதம் என்றால் 3,080. இவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 500 வரை இயல்பு, 1,500 வரை லேசு, 1,500 முதல் 5,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்று பிரிப்பது வழக்கம். இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய கோடு 1,500. ஒரே ஒரு தடவை அல்ல, சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்தும் அதற்கு மேலே நின்றால். ஆனால் நெஞ்சுவலியோ மூச்சு வாங்கலோ சேர்ந்திருந்தால் இரண்டாவது தடவைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே இதயத்தைப் பார்க்க வேண்டும்.

ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். அப்போது ஈசினோபில் குறைவாகக் காட்டும், இரவில் ஏறும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. இதைவிடப் பெரிய குழப்பம் ஸ்டீராய்டால் வரும். ஒரு டெக்சாமெத்தசோன் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் பரிசோதனைக்குப் போனால் ஈசினோபில் தரைமட்டத்தில் இருக்கும். "நார்மல்" என்று எழுதி வரும். கடுமையான பாக்டீரியா காய்ச்சலிலும் இதே போல எண்ணிக்கை விழுந்துவிடும். ஆகவே கடந்த 2 வாரத்தில் என்னென்ன மாத்திரை, ஊசி போனது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டையையே கொண்டு போனால் இன்னும் நல்லது. "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த அணு இதயத்தை ஏன் குறிவைக்கிறது? 1879-ல் பால் எர்லிக் இயோசின் என்ற சாயத்தை ரத்தப் பூச்சில் ஏற்றியபோது, சில அணுக்களின் உள்ளே இருந்த மணிகள் செக்கச் செவேலென்று நிறம் ஏறின. சாயத்தின் பெயரே அணுவுக்கும் வந்தது. அந்த மணிகள்தான் அதன் ஆயுதக் கிடங்கு. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய எதிரியை, அதாவது புழுவை, வெளியிலிருந்தே தோல் கருகும்படி தாக்குவதற்கான நச்சுப் புரதங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ரத்தத்தில் இந்த அணு ஒரு நாள்கூட முழுதாகத் தங்குவதில்லை. திசுக்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் ஒன்று தெரிந்தால் திசுக்களில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ரிப்போர்ட் எண் தெருவில் நடமாடுபவர்களின் கணக்கு மட்டுமே, வீடுகளுக்குள் இருப்பவர்களை அது எண்ணவில்லை.

புழுவுக்காகத் தயாரான அந்தப் புரதங்கள் இதய அறைகளின் உள்ளுறையில் கொட்டினால் அங்கேயும் அதே வேலையைச் செய்கின்றன. முதல் கட்டத்தில் உள்ளுறையும் அதை ஒட்டிய தசையும் வெந்தது போலச் செத்துப்போகின்றன. இதற்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. லேசான காய்ச்சல், களைப்பு, அவ்வளவுதான். இதயத்தசை கெடும்போது கசியும் டிரோபோனின் என்ற புரதம் மட்டும் ரத்தத்தில் ஏறியிருக்கும். இரண்டாவது கட்டத்தில், புண்ணான அந்தப் பரப்பில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. ரத்தக் குழாயின் உள்சுவரில் உறைதலைத் தடுக்கும் திராம்போமாடுலின் என்ற காவல் புரதம் உண்டு. ஈசினோபில் மணிகளில் அதிகமாக உள்ள முதன்மைக் காரப் புரதம் அதோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்ய விடாது. அதனால்தான் இந்த நோயில் ரத்தக்கட்டி இவ்வளவு சுலபமாக உருவாகிறது. மூன்றாவது கட்டத்தில் அந்தக் கட்டியும் புண்ணும் நார்த்தழும்பாகி, தோல் பதனிட்டது போல உள்ளறை கெட்டியாகிவிடும். இதயம் சுருங்கும், ஆனால் விரியாது. விரியாத அறைக்குள் ரத்தம் நுழைய முடியாமல் பின்னால் தேங்கும்.

ஸூரிக்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் லோஃப்லர் 1936-ல் இதை விவரித்தார். அதற்கு 4 வருடம் முன்பே, நுரையீரலில் வந்து போகும் ஈசினோபில் நிழல்களையும் அவரே எழுதியிருந்தார். அதனால் ரிப்போர்ட்டில் லோஃப்லர் என்ற பெயரைப் பார்த்தால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். லோஃப்லர் சிண்ட்ரோம் நுரையீரலைச் சேர்ந்தது, அனேகமாகத் தானாக ஆறும். லோஃப்லர் எண்டோகார்டைட்டிஸ் இதயத்தைச் சேர்ந்தது, தானாக ஆறும் என்று விட்டுவிடக் கூடாதது.

எண்ணிக்கைக்கும் இதயச் சேதத்துக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு கிடையாது. 8,000 வைத்துக்கொண்டு இதயம் சேதமின்றி இருப்பவர்கள் உண்டு, 2,500-லேயே ரத்தக்கட்டி வந்தவர்களும் உண்டு. எவ்வளவு காலம் உயர்ந்தே நின்றது, அந்த அணுக்கள் எவ்வளவு கிளர்ந்திருந்தன என்பவைதான் வேறுபாட்டைத் தருகின்றன. ஆகவே "எனக்கு 3,000 தானே, அவருக்கு 6,000 இருந்தும் ஒன்றும் ஆகலியே" என்ற ஒப்பீடு வேண்டாம்.

இனி புழுக்கள். எல்லா ஒட்டுண்ணியும் ஈசினோபிலை ஏற்றுவதில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். அமீபா, ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் கிருமிகள் பொதுவாக ஏற்றாது. மலத்தில் அமீபா இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், 4,000 ஈசினோபிலுக்கு அதுதான் காரணம் என்று அமீபா மருந்தான மெட்ரோனிடசோலோடு நிறுத்திவிடக் கூடாது. ஏற்றுவது திசுக்களுக்குள் அலையும் புழு. குடலின் உள்ளே வசதியாக உட்கார்ந்திருக்கும் புழுவைவிட, ரத்தத்திலும் தசையிலும் நுரையீரலிலும் ஊர்ந்து போகும் லார்வாதான் ஈசினோபிலைக் கிளப்பிவிடும்.

மலப் பரிசோதனை ஏமாற்றுவது இதனால்தான். உருளைப்புழு முட்டை வயிற்றுக்குள் போய் லார்வாவாகி நுரையீரல் வழியாகப் பயணம் செய்யும் அந்த இரண்டு வாரத்தில்தான் இருமலும் ஈசினோபில் உயர்வும் வரும். அது குடலுக்குத் திரும்பி வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய 2 மாதம் ஆகும். இருமும்போது மலத்தைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, மலத்தில் முட்டை வரும்போது இருமல் நின்றிருக்கும். நாய்க்குடலில் வாழும் டாக்சோகாராவுக்கு மலப் பரிசோதனை சுத்தமாக உதவாது. மனித உடம்பில் அது முழுப் புழுவாக வளரவே வளராது, லார்வாவாகவே கல்லீரல், நுரையீரல், கண், அபூர்வமாக இதயத்தசை என்று அலையும். முட்டையே போடாத புழுவின் முட்டையை எங்கே தேடுவது? ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்ப்பதுதான் வழி. தெரு நாய்கள் உலாவும் மண்ணில் விளையாடும் குழந்தைகள், மண் தின்னும் பழக்கம் உள்ளவர்கள் விஷயத்தில் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். நாய் போட்ட முட்டை அன்றைக்கே தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். வீட்டு நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் போட்டால் பெரும்பாதி வேலை முடிந்தது.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற புழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்லும் தவறு இங்கேதான் நடக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோல் வழியாக அது நுழைகிறது. கட்டட வேலை, தோட்ட வேலை, கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் வாரம் தவறாமல் போய் நிலத்தில் இறங்குவது, எல்லாம் வாய்ப்புதான். மற்றப் புழுக்களில் பெரும்பாலானவை உடம்புக்குள் பெருகுவதில்லை. இது பெருகும். குடலிலேயே அடுத்த தலைமுறை உருவாகி மறுபடி தோலையும் குடற்சுவரையும் துளைத்து உள்ளே போகும். அதனால் ஊரை விட்டு வந்து 30 வருடம் ஆனவர் உடம்பிலும் உயிரோடு இருக்கலாம். ஒரு தடவை மலம் பார்த்தால் பெரும்பாலும் தப்பிவிடும். வெவ்வேறு நாட்களில் குறைந்தது 3 மாதிரி கொடுக்க வேண்டும், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதமும் பார்க்க வேண்டும். "பூச்சி மாத்திரை போட்டாச்சே" என்பதும் இதற்குப் பதிலாகாது. எல்லோரும் போடும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் போதும், இதற்குப் போதாது. இதற்கு ஐவர்மெக்டின் வேண்டும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம், ஒரு நாளோ இரண்டு நாளோ. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை.

தவறு எப்படி நடக்கிறதென்றால், ஈசினோபில் அதிகம், மூச்சு வாங்குகிறது என்று இந்தப் புழு இருக்கும் ஆளுக்கே ஸ்டீராய்டு கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு ஈசினோபிலைத் தட்டிப்போடும், அதனால் ரிப்போர்ட் அழகாக இருக்கும். காவல் போன புழுவோ கட்டுக்கடங்காமல் பெருகி, குடலிலுள்ள பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரலுக்கும் மூளை உறைக்கும் போகும். அந்த நிலையில் பிழைப்பவர்கள் குறைவு. குறைந்த நாள் ஸ்டீராய்டுக்கும் இப்படி ஆனதுண்டு. அதனால் இதயம் பாதிக்கப்பட்டு ஸ்டீராய்டு அவசரமாகத் தேவைப்படும் நிலையில்கூட, மண்ணோடு பழகியவர் என்றால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் ஐவர்மெக்டினையும் சேர்த்தே கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேட்கலாம். "ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு மருந்து வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழு இன்னொரு வேஷத்திலும் வரும். வடகர்நாடகத்தில் கலபுரகி, யாதகிரி பக்கமும், நம்மூரில் தஞ்சை, பழைய தென்னாற்காடு, வடஆற்காடு மாவட்டங்களும் இதற்குப் பேர் போனவை. சிலருக்குக் கால் வீங்குவதற்குப் பதிலாக நுரையீரல் கொந்தளிக்கும். இரவில் அடங்காத இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு, ஏஇசி 3,000-க்கு மேல், ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதம் ஆயிரத்துக்கு மேல். 1940-ல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் விடுதியில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் "காசநோய் போலவே இருக்கிறது, ஆனால் காசநோயல்ல" என்று இதைத்தான் பதிவு செய்தார்கள். 1943-ல் வெயின்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் புழங்கும் "ஈசினோபிலியா" என்ற சொல்லுக்கு வேர் அனேகமாக இதுதான். எக்ஸ்ரேயில் தினை தூவியது போலப் புள்ளிகள் தெரிவதால் இன்றைக்கும் சிலர் மாதக் கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நள்ளிரவு ரத்தம் எடுத்தாலும் புழுக்குஞ்சு தெரியாது. சாதாரண ஃபைலேரியாவில் இரவு 10 முதல் 2 மணிக்குள் எடுத்தால் தெரியும், இங்கே அவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்வதால் ரத்தத்தில் இருக்காது. எதிர்ப்புப் புரதம் பார்த்து, டைஎதில்கார்பமசின் கொடுத்து எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். பானோசைட் என்ற பேரில் நமக்குத் தெரிந்த மாத்திரைதான். கிலோவுக்கு 6 மில்லிகிராம் ஒரு நாளைக்கு, மூன்று வேளையாகப் பிரித்து, 2 முதல் 3 வாரம். 50 கிலோ ஆளுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு மூன்று. ஒரு வாரத்துக்குள் இருமல் நன்றாக அடங்க ஆரம்பிக்கும். அடங்காவிட்டால் நோய் வேறு. நல்லா இருக்கிறது என்று ஐந்தாம் நாளே நிறுத்துபவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இந்த மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடுவதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. மத்திய ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு லோவா என்ற கண்புழு இருக்கலாம். ரத்தத்தில் அதன் குஞ்சுகள் மிகுந்திருக்கும்போது பானோசைடோ ஐவர்மெக்டினோ போட்டால் மூளை பாதிக்கப்பட்டு மயக்கநிலைக்குப் போகலாம். இதய உள்ளுறைத் தழும்போடும் அந்தப் புழு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. காங்கோ, கேமரூன், காபோன் பக்கம் இருந்து வந்திருந்தால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

பன்றிக்கறியில் வரும் டிரிக்கினெல்லா நம் நாட்டில் அபூர்வம். ஆனால் அது இதயத்தசையை அழற்சியாக்கும், அந்த நோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இதயத்தால்தான் இறக்கிறார்கள். புழு இதயத்தில் தங்குவதே இல்லை, கடந்து போகும்போது திரளும் ஈசினோபில்தான் சேதம் செய்கிறது. நன்றாக வெந்த கறியில் இந்தப் பயம் இல்லை.

கேரளத்தில் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்த இதய உள்ளுறைத் தழும்பு நோயையும் சொல்லாமல் போக முடியாது. உகாண்டாவில் டேவிஸ் 1948-ல் விவரித்த அதே நோய். ஏழை வீட்டுப் பிள்ளைகள், வயிறு பானையாக வீங்கி, கால் சூம்பி வருவார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் இதற்காகப் பல வருடம் உழைத்தார்கள். கடற்கரை மோனசைட் மணலில் உள்ள சீரியமும் உணவில் மெக்னீசியக் குறைவும் சேர்ந்து காரணமாக இருக்கலாம் என்றார்கள். புழுவும் ஈசினோபிலும்தான் தொடக்கம் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். வழக்கு தீரவில்லை, ஆனால் வாழ்க்கைத் தரம் உயர்ந்த பிறகு அங்கே இந்த நோய் மிகவும் குறைந்துவிட்டது. என் கணிப்பில் ஒரே குற்றவாளியைத் தேடுவதே தவறு. செருப்பு, கழிப்பறை, வயிறார உணவு மூன்றும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

சரி, இதயத்தை எப்படிப் பார்ப்பது? 1,500-க்கு மேல் நிற்கும் எவருக்கும் இசிஜி, டிரோபோனின், எக்கோ என்ற இதய ஸ்கேன் மூன்றும் வேண்டும். மூச்சு வாங்காவிட்டாலும் வேண்டும். கால் வீக்கம், மாடி ஏறும்போது இளைப்பு, தலையணை இரண்டு வைத்தால்தான் தூக்கம், படபடப்பு இருந்தால் இதயத் தளர்ச்சியைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் சேரும். விரல் நகத்தைப் பாருங்கள். நகத்துக்கடியில் முள் குத்தியது போல நீளவாக்கில் செம்பழுப்புக் கீற்றுகள் இருந்தால் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் சிதறுகின்றன என்று பொருள் கொள்ளலாம். திடீரென்று வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ அது பக்கவாதம். அவசரப் பிரிவுக்கு ஓடும்போது கையில் அந்த ஈசினோபில் ரிப்போர்ட்டும் இருக்கட்டும்.

எக்கோ எடுக்கும்போது சீட்டில் வெறும் "எக்கோ" என்று மட்டும் எழுதியிருந்தால் ரத்தம் பம்ப் ஆகும் சதவீதத்தை அளந்து "60 சதவீதம், நார்மல்" என்று தந்துவிடுவார்கள். இந்த நோயில் அந்தச் சதவீதம் பெரும்பாலும் கடைசிவரை நன்றாகவே இருக்கும். கெடுவது விரிதல், சுருங்குதல் அல்ல. ஆகவே சீட்டில் "ஈசினோபில் இத்தனை, நுனி ரத்தக்கட்டி, உள்ளுறைத் தடிப்பு, விரிதல் குறைபாடு பார்க்கவும்" என்று காரணத்தோடு எழுதி வாங்குங்கள். இதயத்தின் கீழ்நுனிதான் இந்த நோயின் சொந்த ஊர். ஸ்கேன் கருவியின் முனையைச் சற்று மேலே வைத்துவிட்டால் நுனி வெட்டுப்பட்டுத் தெரியாமல் போகும், மறைந்திருக்கும் கட்டி தப்பிவிடும். சந்தேகமென்றால் நரம்பு வழியாகக் குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் எக்கோ கேட்கலாம். ஒரு நல்ல துப்பு உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வரும் கட்டி, அசையாமல் செத்த சுவரில் ஒட்டியிருக்கும். நன்றாக அசையும் சுவரில் நுனியை அடைத்துக்கொண்டு கட்டி இருந்தால் உடனே ஈசினோபில் கணக்கைப் பார்க்க வேண்டும். மைட்ரல் வால்வின் பின்னிதழ் சுவரோடு ஒட்டி ரத்தம் பின்னோக்கிக் கசிவதும், கீழறை சின்னதாக மேலறை இரண்டும் ஊதிப் பெருத்திருப்பதும் பிந்தைய கட்டத்தின் அடையாளங்கள்.

ஐயம் தீராவிட்டால் இதய எம்ஆர்ஐ. கடோலினியம் என்ற சாய மருந்தை ஏற்றி எடுத்தால் உள்ளுறையை ஒட்டி வெள்ளைக் கோடாகச் சேதம் தெரியும், கட்டி கறுப்பாகத் தெரியும். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் ஜெயதேவா போன்ற இதய மருத்துவமனைகளோ பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோ இருப்பது நம் பாக்கியம், மூலையில் உள்ள ஸ்கேன் மையத்தில் இதை எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இதயத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் சேதம் திட்டுத்திட்டாக இருப்பதால் துணுக்கில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

புழு எதுவும் கிடைக்காவிட்டால் வேறு மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். முதலில் மருந்துகள். ஃபெனிட்டாயின், கார்பமசெபின், அல்லோபியூரினால், சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆரம்பித்து 2 முதல் 8 வாரத்தில் காய்ச்சலும் தோல் தடிப்பும் ஈசினோபிலும் சேர்ந்து ஏறினால் அந்த மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டும். இரண்டாவது, வளர்ந்தபின் வந்த ஆஸ்துமா, மூக்குச் சதை, கைகால் மரப்பு மூன்றும் சேர்ந்த ரத்தக்குழாய் அழற்சி. அதில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயம். மூன்றாவது எலும்பு மஜ்ஜைக் கோளாறு. ஆண்களுக்கே அதிகம் வரும் எஃப்ஐபி1எல்1–பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணு இணைப்பு 2003-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பி12 அளவு காரணமில்லாமல் உச்சத்தில் இருந்தால் இதை நினைக்க வேண்டும். ஸ்டீராய்டுக்குச் சரியாகக் கேட்காத இந்த வகை, தினம் 100 மில்லிகிராம் இமாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரையில் மளமளவென்று அடங்கும். ஆனால் டிரோபோனின் ஏறியிருக்கும்போது முதல் சில நாள் ஸ்டீராய்டு துணையோடுதான் அதை ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால் இதயம் திடீரென்று தளரக்கூடும்.

இதயம் தொட்டுவிட்டது என்று உறுதியானால் வேலை இரண்டு தடத்தில் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்று ஈசினோபிலைக் குறைப்பது. புழுவானால் அதற்கான மருந்து, கூடவே பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில், மோசமானால் நரம்பு ஊசியாக அதிக அளவில். மற்றொன்று கட்டியைக் கவனிப்பது. ரத்தம் உறைவதைத் தடுக்க முதலில் ஹெப்பாரின், பிறகு வார்ஃபரின், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் நடுவில். வார்ஃபரின் சாப்பிடும்போது கீரையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது தேவையில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ஸ்டீராய்டை எக்கோ நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது, வாரக் கணக்கில் படிப்படியாக இறக்க வேண்டும். நார்த்தழும்பாகிவிட்ட இதயத்தை ஸ்டீராய்டு இளக்காது. அப்போது நீர் மாத்திரையால் வீக்கத்தைச் சமாளிப்பதும், தேர்ந்த கைகளில் தழும்பை உரித்து வால்வை மாற்றும் அறுவை சிகிச்சையும்தான் மிச்சம். அந்த உரிப்பை 1971-ல் பாரிஸில் டுபோஸ்ட் செய்து காட்டினார். இன்றும் அது சுலபமான அறுவையல்ல. நீர் மாத்திரையையும் அளவு மீறிக் கொடுத்துவிடக் கூடாது. விரியாத அறைக்கு நிறைய அழுத்தம் வேண்டும், ரத்தம் வற்றினால் தலைசுற்றி விழுவார்கள்.

புழு மருந்து போட்ட மறுவாரமே சிபிசி எடுத்துப் பார்த்துப் பதறாதீர்கள். சாகும் புழு வெளியே விடும் பொருட்களால் ஈசினோபில் முதலில் இன்னும் ஏறலாம். 4 முதல் 8 வாரம் கழித்து, முன்பு எடுத்த அதே நேரத்தில், அதே லேப்பில் எடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸில் முழுதாக இறங்க 6 மாதம்வரை ஆகலாம். இறங்காமல் 1,500-க்கு மேலேயே நின்றால், முதல் எக்கோ சுத்தமாக இருந்தாலும் 6 மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்க வேண்டும். பழைய எக்கோவின் அச்சடித்த தாளை மட்டுமல்ல, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். நுனி போன தடவை எப்படி இருந்தது என்பதை அடுத்தவர் தன் கண்ணால் பார்க்க அதுதான் உதவும்.